தெரியும்வரை தீனி

சென்னியப்பன் லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு ஞானம் தேடிக் கிளம்பியபோது அவருக்குத் தலை முழுக்க நரைத்திருந்தது. அவருக்குக் குருவாக வாய்த்த வேலாத்தாளுக்கு ஒரு முடிகூட நரைத்திருக்கவில்லை.

ஏரிக்கரைச் சத்திரத்தில் முன்பு ஒரு சாமியார் இருந்தார். வேலாத்தாள் அவருக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தவர். சாமியார் காலமான பிறகும் ஜனங்கள் வழக்கம்போல வந்தார்கள். அவர் உட்கார்ந்திருந்த இடத்தைப் பார்த்துத் தங்கள் குறைகளைச் சொன்னார்கள். அடுப்படியிலிருந்து வேலாத்தாள் பதில் சொன்னார். பதில்கள் பொருத்தமாக இருந்தன. கொஞ்ச நாளில் ஜனங்கள் நேராக அடுப்படிக்கே வரத் தொடங்கினார்கள்.

சென்னியப்பனும் அடுப்படிக்குத்தான் வந்தார். அவர் வேலாத்தாளை அம்மா என்றார். வேலாத்தாள் அவரை அண்ணா என்றார். அதில் யாருக்கும் குழப்பம் வரவில்லை.

வந்த அன்றே அவர் கேட்டார்.

"எனக்கு விவேகம் வேணும்மா. எது எதுன்னு பிரிச்சுப் பாக்கத் தெரியணும். இத்தனை வருசம் எல்லாத்தையும் ஒரே லோடாப் போட்டு ஓட்டிட்டேன்."

வேலாத்தாள் அரிசி களைந்துகொண்டிருந்தார். ஈரக்கையால் கொல்லையைக் காட்டினார். அங்கே ஒரு தாய்க்கோழி, பொரித்துச் சில நாளே ஆன குஞ்சுகளைச் சேர்த்துக்கொண்டு குப்பையைக் கிளறிக்கொண்டிருந்தது.

"அதுல சேவல் எது, பெட்டை எதுன்னு பிரிச்சுச் சொல்லுங்க அண்ணா. மத்ததை அப்பறம் பிரிக்கலாம்."

சென்னியப்பன் அதை ஒரு மத்தியானத்து வேலை என்று நினைத்தார்.

ஊரில் ஆளுக்கொரு வழி வைத்திருந்தார்கள். குஞ்சைப் பிடரியில் பிடித்துத் தூக்கினால் காலை மடக்கிக்கொள்வது பெட்டை, தொங்கவிடுவது சேவல் என்றார் ஒருவர். ஊசியில் நூல் கோத்துக் குஞ்சின் மேலே பிடிக்கச் சொன்னார் இன்னொருவர்; வட்டமாகச் சுற்றினால் பெட்டை, நேராக ஆடினால் சேவல். கூர்முட்டை சேவலாகும், உருண்டை முட்டை பெட்டையாகும் என்று சொன்னவரும் உண்டு. முட்டைகள் எப்போதோ உடைந்து குஞ்சாகிவிட்டிருந்ததால் அந்த வழி மட்டும் பயன்படவில்லை.

சென்னியப்பன் எல்லாவற்றையும் செய்து பார்த்தார். காலையில் சேவலாக இருந்த குஞ்சு வெயில் ஏறியதும் பெட்டை ஆனது. சத்திரத்துக்குப் பால் ஊற்றும் பாவாயி செம்பை இறக்கி வைத்துவிட்டு இதை நின்று வேடிக்கை பார்த்தாள்.

"ஏனுங்க, எங்க வீட்டுக்காரரைக் கூட்டியாரட்டுங்களா? அவரு ஆம்பளைதானான்னு நூலைப் புடிச்சுப் பாத்துச் சொல்லுங்களேன்."

சென்னியப்பன் ஊசியைச் சட்டையில் குத்திக்கொண்டு உள்ளே போனார். தெரியவில்லை என்று குருவிடம் ஒப்புக்கொண்டார். எப்படிப் பார்ப்பது என்று சொல்லித்தரக் கேட்டார்.

"பாக்க வேண்டாம். தீனியை இனிமே நீங்களே போடுங்க" என்றார் வேலாத்தாள்.

அன்றிலிருந்து அது அவருடைய வேலை ஆனது. பழைய பானைக்குள் காய்ந்த சாணியும் வைக்கோலும் திணித்து, ஈரத் தரையில் கவிழ்த்து வைப்பார். மறுநாள் பானையைத் தூக்கினால் உள்ளே கரையான் மொய்த்திருக்கும். அதைத் தட்டிவிட்டால் குஞ்சுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி விழுந்து தின்னும். குருணை போட்டார். மண்சட்டியில் தண்ணீர் வைத்தார். பருந்து வட்டமிட்டால் கல்லெடுத்தார். பொழுது சாயும்போது எல்லாவற்றையும் சேர்த்துப் பஞ்சாரக் கூடையைக் கவிழ்த்து மூடினார்.

சேவலா பெட்டையா என்று துருவிப் பார்ப்பதை எப்போது விட்டார் என்று அவருக்கே நினைவில்லை. ஒருநாள் கரையானைத் தட்டிக்கொண்டிருக்கும்போது ஒரு குஞ்சு நின்ற விதம் கண்ணில் பட்டது. கால் சற்றுத் தடித்து, நெஞ்சு நிமிர்ந்திருந்தது. இன்னொன்றுக்குக் கொண்டை இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள் மாறிச் சிவப்பு ஊறத் தொடங்கியிருந்தது. வால் பக்கம் முளைத்த இறகு சிலவற்றுக்குக் கூராகவும் சிலவற்றுக்கு மழுங்கலாகவும் இருந்தது. யாரும் சொல்லாமலே அவர் கண் பிரித்துக்கொண்டது.

ஆனாலும் ஒன்றில் தவறினார். சோனியாக, கொண்டை வெளுத்து, எப்போதும் ஓரத்தில் நின்று தின்னும் ஒரு குஞ்சைப் பெட்டை என்று சொல்லியிருந்தார். அதைக் கொத்தி விரட்டிக்கொண்டே இருந்த பெரிய சேவலை வேறு ஊர்க்காரர் ஒருவர் கேட்டு வாங்கிக்கொண்டு போனார். சில நாளில் சோனிக்குக் கொண்டை சிவந்தது. ஒரு விடியலில் அது சுவர்மேல் ஏறிக் கூவியது. தொண்டை பழகாத கூவல், பாதியில் உடைந்துவிட்டது.

சென்னியப்பன் பல் துலக்கிய வேப்பங்குச்சியோடு அப்படியே நின்றார்.

"இத்தனை நாள் பயத்துல சிவக்காம இருந்திருக்குது" என்றார் வேலாத்தாள். சத்திரத்துக்கு வந்த பிறகு அவர் சிரித்துச் சென்னியப்பன் முதன்முதலாகப் பார்த்தது அன்றுதான்.

அடுத்த ஈட்டுக் குஞ்சுகளில் சென்னியப்பன் எதிலும் தவறவில்லை. அதற்கடுத்த ஈட்டிலும் இல்லை. செய்தி ஏரியைச் சுற்றியிருந்த ஊர்களுக்குப் பரவியது. பெட்டை எத்தனை என்று முன்கூட்டித் தெரிந்தால் வைத்துக்கொள்வதை வைத்துக்கொண்டு தள்ளுவதைத் தள்ளலாம். அதனால் கூடையில் தாய்க்கோழியும் குஞ்சுமாக வர ஆரம்பித்தார்கள்.

சென்னியப்பனிடம் ஒரு முறை இருந்தது. வந்த உடனே சொல்லமாட்டார். குஞ்சுகளைச் சத்திரத்தில் விட்டுவிட்டுப் போக வேண்டும். தீனி சத்திரத்துடையது. தெரிந்ததும் ஆள் சொல்லி அனுப்புவார். நடுவில் யாரும் வந்து அவசரப்படுத்தக் கூடாது, வேறு யாரிடமும் காட்டக் கூடாது. தெரிந்த அன்று ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, இது சேவல், இது பெட்டை என்று சொல்லிக் கொடுத்துவிடுவார். சொன்னது தப்புவதில்லை.

ஜனங்கள் அவரைக் கோழிச்சாமி என்றார்கள். முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு அந்தப் பெயரைச் சொல்லி யாராவது கூப்பிட்டால் அவர் நடை சற்று மெதுவாகும்.

ஒருநாள் அவர் வேலாத்தாளிடம் போய், தான் பிரிக்கக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். இனி அடுத்த பாடத்துக்குப் போகலாமா என்று கேட்டார்.

வேலாத்தாள், இதுவரை அவர் பிரித்துக் கொடுத்ததெல்லாம் எப்படி இருக்கின்றன என்று ஒரு நடை பார்த்துவிட்டு வரச் சொன்னார்.

சென்னியப்பன் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார். எல்லா வீட்டிலும் உட்கார வைத்து மோர் கொடுத்தார்கள். பெட்டைகள் கொழுத்துத் திரிந்தன. சேவல்களைத் தேடித்தான் பார்க்க வேண்டியிருந்தது. பாவாயி வீட்டில் பெட்டைகளைப் பஞ்சாரத்தில் மூடிவிட்டுச் சேவல்களை வெளியே விட்டிருந்தாள். பாதியைப் பருந்து கொண்டுபோய்விட்டது, மீதியைக் கீரி. இன்னொரு வீட்டில், நாளைக்குக் குழம்புக்குப் போகிறதுக்கு எதற்குக் கம்புத் தீனி என்று கேட்டார்கள். அங்கே சேவல்கள் எலும்பாகத் திரிந்தன. குழம்புக்கும் ஆகாது போலிருந்தன.

அவர் திரும்பி வந்து, பார்த்ததைச் சொன்னார்.

"சேவல்னா அப்படித்தானேம்மா."

"நீங்க சொல்றதுக்கு முந்தி?"

"முந்தி எல்லாத்தையும் ஒரே பஞ்சாரத்துலதான் மூடுனோம்."

வேலாத்தாள் அடுப்பில் விறகைத் தள்ளினார். சென்னியப்பன் இன்னும் ஏதாவது வரும் என்று காத்திருந்தார். சோறு கொதித்தது.

அப்படி இருக்கும்போதுதான் மாரப்பன் வந்தார்.

மாரப்பன் ஏரிக்கு அக்கரையில் தோட்டம் வைத்திருப்பவர். கோழி கொண்டுவந்தவர்களில் அவரும் ஒருவர். சென்னியப்பன் மேல் பெரிய நம்பிக்கை. இந்த முறை கூடை இல்லை. மருமகள் செல்வநாயகிக்குக் குடை பிடித்துக்கொண்டு வந்தார். அவளைப் புங்கமர நிழலில் உட்கார வைத்தார். வழியில் வாங்கிய இளநீரை வெட்டிக் கொடுத்தார். அவள் குடித்து முடிக்கும்வரை நின்றார். பிறகு சென்னியப்பனைத் தனியே அழைத்து விஷயத்தைச் சொன்னார்.

மகன் ஆழ்குழாய்க் கிணறு போடும் ரிக் வண்டியில் வடக்கே இருக்கிறான். வருஷத்துக்கு ஒருமுறை வருவான். ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள். இப்போது செல்வநாயகிக்கு நாலாவது மாதம். ஸ்கேன் எடுக்கிற இடத்தில் சொல்லமாட்டேன் என்கிறார்கள். சுவரிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். கோழியைப் பார்த்துச் சொல்கிறவருக்கு மனுஷரைப் பார்த்துச் சொல்வது பெரிய வேலையா?

"நடையைப் பாருங்க, முகத்தைப் பாருங்க. உங்களுக்கு எது தோணுதோ சொல்லுங்க. பொண்ணுன்னா இப்பவே கலைச்சுருவோம். நாள் போச்சுன்னா செல்வத்தோட உசுருக்கு ஆபத்துங்க."

மருமகளைச் செல்வம் என்று சொல்லும்போது அவர் குரலில் பிரியம் இருந்தது. சென்னியப்பனுக்கு அதுதான் பயமாக இருந்தது.

தனக்கு அதெல்லாம் தெரியாது என்றார். மாரப்பன் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். காருக்குள்ளேயே ஸ்கேன் மிஷினை வைத்துக்கொண்டு ஒருவர் ரகசியமாக ஊர் ஊராக வருகிறாராம். அவரிடம் போக மனமில்லை, நீங்கள் சாமி மாதிரி, நீங்கள் சொல்லாவிட்டால் அங்கேதான் போக வேண்டும் என்றார்.

செல்வநாயகி மரத்தடியில் இருந்து அவர்களைப் பார்க்கவில்லை. காலைச் சுற்றி மேய்ந்த குஞ்சுகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சென்னியப்பன் தண்ணீர் குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி அடுப்படிக்குப் போனார். நடந்ததைச் சொன்னார்.

"பையன்னு சொல்லிடட்டுமாம்மா?"

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஆனா அப்படிச் சொன்னா விட்டுருவாரு."

"பொறந்தது பொண்ணா இருந்தா? பொய்யாப் பொறந்த புள்ளைன்னு அதைக் காலம் முழுக்கச் சொல்லிக் காட்டுவாங்களே."

"அப்ப தெரியாதுன்னே சொல்லிடறேன்."

"சொன்னா?"

"கார்க்காரன்கிட்டப் போவாரு."

வேலாத்தாள் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தார். மாரப்பன் எழுந்து கும்பிட்டார். வேலாத்தாள் அவரைக் கேட்டார்.

"குஞ்சு கொண்டாந்தா என்ன பண்ணுவீங்க?"

"இங்கயே விட்டுட்டுப் போவனுங்க."

"எத்தனை நாளைக்கு?"

"அண்ணன் தெரிஞ்சுதுன்னு சொல்ற வரைக்கும்."

"தீனி?"

"சத்திரத்துத் தீனிதானுங்களே."

"நடுவுல வேற யாருகிட்டயாவது காட்டுவீங்களா?"

"அதெப்படிங்க? முறை இல்லீங்களே."

"இதுக்கும் அதே முறைதான். மருமகப் புள்ளைய இங்க விட்டுட்டுப் போங்க. அண்ணன் தெரிஞ்ச அன்னைக்கே சொல்லுவாரு."

மாரப்பன் இதை எதிர்பார்க்கவில்லை. குடையை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றினார். யோசித்துப் பார்த்தால் மறுப்பதற்கு ஒன்றும் இல்லை. முறை அவருக்குத் தெரிந்த முறை. செல்வநாயகிக்குத் தாய் இல்லை. பிரசவத்துக்குப் போக அம்மா வீடு கிடையாது. அவர் வீட்டிலும் பெண்துணை இல்லை. அவர் மருமகளைப் பார்த்தார்.

செல்வநாயகி அப்போதுதான் முதன்முதலாகப் பேசினாள்.

"எந் துணிமணிய எடுத்துட்டு வந்துருங்க மாமா. சின்னதுக ரெண்டையும் கூட்டியாந்துருங்க. நான் இல்லாம அதுக சோறு திங்காது."

மாரப்பன் போன பிறகு சென்னியப்பன், நாளைக்கு அவர் வந்து கேட்டால் தான் என்ன சொல்வது என்று கேட்டார்.

"தெரிஞ்சதும் சொல்லுங்க."

"எனக்கு எப்பம்மா தெரியும்?"

"தீனியைப் போடுங்க அண்ணா."

சத்திரத்தில் கூட்டம் கூடிவிட்டது. பெண் குழந்தைகள் இரண்டும் கோழிகளைத் துரத்தின. சின்னவள் குஞ்சுகளுக்கு வைத்த குருணையைத் தானும் தின்றாள். சென்னியப்பன் காலையில் கரையான் பானை எடுத்தார். பிறகு முட்டை எடுத்தார். பிறகு செல்வநாயகிக்கு அவித்துக் கொடுத்தார். தினமும் முட்டை தின்று நானே கூவப்போகிறேன் என்று அவள் சொன்னாள். சத்திரத்தில் அவள் பேச்சுக்கு எல்லோரும் சிரித்தார்கள். மாமனார் வீட்டில் இவ்வளவு பேசுவாளா என்று தெரியவில்லை.

மாரப்பன் சந்தைக்குப் போகிற நாளில் வருவார். முருங்கைக்கீரை, எலுமிச்சை, கடலைமிட்டாய் என்று ஏதாவது பையில் இருக்கும். பையை இறக்கியதும் கேட்பார்.

"தெரிஞ்சுதுங்களா?"

"இன்னும் இல்லீங்க."

"கோழிக்கு இத்தனை நாள் எடுக்கமாட்டீங்களே."

"கோழி மூணு வாரத்துல பொரிஞ்சுரும். இது அப்படியாங்க?"

மாரப்பன் தலையாட்டிவிட்டுப் போவார்.

ஆனால் ஒருமுறை அவர் சந்தை நாள் இல்லாத நாளில் வந்தார். பையில்லாமல் வந்தார். உட்காரவில்லை. கார்க்காரர் இன்று பக்கத்து ஊருக்கு வருகிறார், நாள் கடந்துகொண்டே இருக்கிறது, இன்றைக்குச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் முறையாவது ஒன்றாவது, நான் செல்வத்தை அழைத்துப் போகிறேன் என்றார்.

செல்வநாயகி பெரியவளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தாள். சீப்பு பாதியில் நின்றது.

சென்னியப்பன் குருவைப் பார்த்தார். வேலாத்தாள் முறத்தில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார், நிமிரவில்லை. பையன் என்ற ஒரு சொல் போதும். அது சென்னியப்பன் நாக்கு நுனிவரை வந்தது.

"மாரப்பா, எனக்கு ஒண்ணு தப்புச்சு. உங்க யாருக்கும் தெரியாது" என்றார்.

மாரப்பன் புரியாமல் பார்த்தார்.

"அந்தா சுவத்துமேல நிக்குதே, அந்தச் சேவல். அதை நான் பெட்டைன்னு சொன்னேன். நல்லாப் பாத்துத்தான் சொன்னேன். ஆனா கூவுச்சு."

"பத்துல ஒண்ணு தப்பும். அதனால என்னங்க?"

"உசுரோட இருந்ததால கூவுச்சு."

மாரப்பன் சுவரைப் பார்த்தார். சேவல் இறகைக் கோதிக்கொண்டிருந்தது. அவர் மெதுவாகப் படிக்கட்டில் உட்கார்ந்தார். சின்னவள் வந்து, தாத்தா ஒன்றும் கொண்டுவரவில்லையா என்று அவர் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தாள். பிறகு மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். கார்க்காரர் வந்து போகிற நேரம் தாண்டிய பிறகும் அவர் அங்கேயேதான் இருந்தார். வேலாத்தாள் ஒரு தட்டில் சோறு போட்டு முன்னால் வைத்தார். சாப்பிட்டுவிட்டுத் தனியாகத் திரும்பிப் போனார்.

அதன் பிறகு செல்வநாயகிக்குக் கால் வீங்கியது. மாரப்பன் பார்லி வாங்கி வந்தார். அடுத்த வாரம் வீக்கம் குறைந்ததா என்று வரப்பில் வரும்போதே கேட்டுக்கொண்டு வந்தார். அதற்கடுத்த வாரம் அவள் சோர்ந்து படுத்திருப்பதைப் பார்த்துவிட்டு, சாப்பிடுகிறாளா, தூங்குகிறாளா என்று சென்னியப்பனைக் குடைந்து எடுத்தார். பேசிவிட்டுக் கிளம்பினார். ஏரிக்கரையில் பாதி தூரம் போனவர் நின்றார். எதையோ மறந்துவிட்டு வந்தவர்போல் திரும்பிச் சத்திரத்தைப் பார்த்தார். பிறகு திரும்பி வராமல் நடந்து போய்விட்டார்.

அன்று அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை என்பது சென்னியப்பனுக்கு அப்போதுதான் உறைத்தது.

கோழிச்சாமிக்குக் கண் மங்கிவிட்டது என்று ஊரில் பேச்சு கிளம்பியது. முன்பெல்லாம் ஒன்றரை மாதத்தில் சொல்கிறவர் இப்போது இறகு முற்றும்வரை சொல்வதில்லை என்றார்கள். இன்னும் தெரியவில்லை, இன்னும் தெரியவில்லை என்று சொல்லிச் சேவலெல்லாம் தானாகக் கூவிய பிறகு திருப்பித் தருகிறார், இதற்கு ஒரு சாமி எதற்கு என்றாள் பாவாயி. கூடைகள் வருவது குறைந்தது. சென்னியப்பனின் நடை பழையபடி வேகமாகிவிட்டது.

வலி ஒரு காலைப்பொழுதில் கண்டது. ஆட்டோ பிடித்துத் தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். வேலாத்தாள் உள்ளே போனார். சென்னியப்பன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். மாரப்பன் தகவல் கேட்டுத் தோட்டத்து மண் காலோடு ஓடி வந்தார்.

வெயில் உச்சிக்கு வந்தபோது வேலாத்தாள் வெளியே வந்தார். பழைய நூல்சேலைத் துணியில் சுற்றிய குழந்தையைக் கொண்டுவந்து சென்னியப்பன் கையில் வைத்தார். தாய் நன்றாக இருக்கிறாள் என்றார்.

"இப்பவாவது சொல்லச் சொல்லுங்க கோழிச்சாமியை" என்று உள்ளேயிருந்து செல்வநாயகியின் குரல் கேட்டது. களைத்த குரல்தான். ஆனால் கேலி குறையவில்லை.

எத்தனையோ குஞ்சுகளைத் தூக்கிப் பார்த்த கை. குழந்தையை எங்கே தாங்குவது என்று அதற்குத் தெரியவில்லை. துணியை விலக்கிப் பார்த்தார். மூடினார்.

"பொண்ணுங்க."

மாரப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரி வாசலில் ஒரு பஸ் திரும்ப இடமில்லாமல் முன்னும் பின்னும் போய்க்கொண்டிருந்தது. அதையே பார்த்தார். பஸ் ஒருவழியாகத் திரும்பிப் புழுதி கிளப்பிக்கொண்டு போயிற்று. புழுதி அடங்கும்வரையும் பார்த்தார்.

குழந்தை முனகியது.

மாரப்பன் திரும்பினார். சென்னியப்பன் அதைப் பிடித்திருந்த விதத்தைக் கண்டு பதறிப்போனார்.

"கழுத்தைத் தாங்கிப் புடிங்க. கோழிக்குஞ்சா அது?"

சொல்லிக்கொண்டே தானே வாங்கிக்கொண்டார். முழங்கை மடிப்பில் தலையை வைத்து, வெயில் படாமல் சுவரோரமாகப் போய் நின்றார். பிறகு வேலாத்தாளைப் பார்த்து, பால் குடித்ததா என்று கேட்டார்.

தாயும் குழந்தையும் கொஞ்ச நாள் சத்திரத்தில் இருந்தார்கள். ஒரு நல்ல நாளில் மாரப்பன் வண்டி கட்டிக்கொண்டு வந்தார். அடியில் வைக்கோல் பரப்பி, மேலே ஜமுக்காளம் விரித்திருந்தார். பெரியவளையும் சின்னவளையும் முன்னால் ஏற்றினார். குழந்தையைக் கடைசிவரை யாரிடமும் கொடுக்கவில்லை. செல்வநாயகி ஏறி உட்கார்ந்த பிறகுதான் அவள் மடியில் வைத்தார். வண்டி கரை தாண்டும்வரை சின்னவள் கோழிகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே போனாள். அவளாக வைத்த பெயர்கள்.

சத்திரம் அமைதியானது. வேலாத்தாள் முற்றத்தில் கம்பு இறைத்தார். கோழிகள் ஓடி வந்தன. சென்னியப்பன் தண்ணீர்ச் சட்டியைக் கழுவி நிரப்பி வைத்துவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். பல மாதமாக மனதில் இருந்ததைக் கேட்டார்.

"உங்களுக்கு முந்தியே தெரியுமாம்மா?"

"என்னது?"

"அந்தப் புள்ள வயித்துல இருந்தது பொண்ணுன்னு."

வேலாத்தாள் கையில் மீதியிருந்த கம்பையும் இறைத்தார்.

"குழந்தைன்னு தெரியும்."